உரக்குவியல் நாறுவது பற்றி

நண்பர்களே, புதிய குவியல் நாறுகிறது என்று பலரும் சொன்னீர்கள். உணவுக் கழிவு அதிகம், காய்ந்த சருகும் வைக்கோலும் குறைவு, அதுதான் காரணம். ஈரம் கூடிக் காற்றுப் புகாவிட்டால் அழுகத்தான் செய்யும். இனி ஒரு கூடை ஈரக்கழிவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்தது சேருங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும்.

நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடு நின்றால் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். 70ஐத் தாண்டினால் நமக்கு வேலை செய்யும் நுண்ணுயிர்களே செத்துவிடும், உடனே கிளறுங்கள். சும்மா மேலாகக் கொத்தினால் போதாது, வெளியே இருப்பது உள்ளே போக வேண்டும்.

அப்புறம், பிளாஸ்டிக் பையோடு கொட்டியவர் யாராக இருந்தாலும் சரி, வந்து பொறுக்கிவிடுங்கள்.