நாகசுர சங்கத்தின் செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். கடந்த ஆண்டின் நடவடிக்கைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. சரஸ்வதி பூஜை நடந்தது. நாகசுர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை நினைவாக, அவருக்குப் பேர்போன தோடி ராகத்தை மூத்த உறுப்பினர்கள் வாசித்தார்கள். இளையவர்களுக்கு, நாகசுரத்தின் ஊதுமுனையில் பொருத்தும் சீவாளியைப் பதப்படுத்தும் பயிற்சி நடந்தது. புது சுருதிப் பெட்டி ஒன்று வாங்கினோம்.

அடுத்தது உருப்படிக் கூடல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நாகசுரத்துக்கே உரிய உருப்படி, அதாவது இசையமைப்பு, ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு, பெரியவர் ஒருவரிடம் பாடம் கேட்டு, எழுதி வைத்து, கூடலில் வாசித்து விளக்க வேண்டும் என்பது ஏற்பாடு. “வாசித்தால் போதாதா, பேச்சு எதற்கு?” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். கோயில் வழிபாட்டிலும் சுவாமி புறப்பாட்டிலும் நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் பேச்சு தேவையில்லைதான். அபிஷேகத்துக்குத் தீர்த்தம் வரும்போது தீர்த்த மல்லாரி, மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, தேருக்குத் தேர் மல்லாரி. என்ன வாசிக்கிறார்கள் என்பது பார்க்கிறவருக்கே தெரியும். மேடையில் தீர்த்தக் குடமும் இல்லை, தேரும் இல்லை. நாம் சொல்லாவிட்டால் கேட்கிறவருக்கு எல்லா மல்லாரியும் ஒன்றுதான்.

வாசிக்கிறவருக்கும் இந்தப் படிப்பு தேவை. கீர்த்தனையில் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் வரிகளை, பிடித்துக்கொண்டு போய்விடலாம். மல்லாரிக்குச் சாகித்தியமே கிடையாது. கம்பீர நாட்டை ராகத்தின் ஐந்தே ஸ்வரங்கள், அதற்குள் தாளக் கணக்கு, வேகம் மாறும் காலங்கள், மும்மூன்றாக எண்ணும் திஸ்ரம். தாளம் உடம்பில் இறங்காமல் அதைத் தொட முடியாது. ஆரம்பத்தில் தயங்கிய இளையவர்கள் ஆண்டு முடிவில் திரிபுட தாள மல்லாரியைத் தடுமாறாமல் எடுத்துவிட்டார்கள். செயலாளராக எனக்கு இதைவிடப் பெரிய திருப்தி இல்லை.

ரக்தி என்ற உருப்படிதான் கடினமாக இருந்தது. ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ரச் சாப்பு தாளத்தில் ஒரு சிறு ஸ்வரக்கோவையை எடுத்து, ராகம் கலையாமல், காலம் மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே போக வேண்டும். எழுதிப் பார்த்தால் அரைப் பக்கம் வரும், வாசித்தால் அரை மணி நேரம் போதாது. செம்பொன்னார்கோயில் நாகசுரப் பரம்பரை போற்றி வைத்த சொத்து இது. பழைய இசைத்தட்டில் கேட்டுப் படிக்கலாம் என்றால், அந்தக் கால 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் அடங்கும். அதற்குள் ரக்தியை எங்கே வைப்பது? எனவே தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்பதைத் தவிர வழி இல்லை. கற்றுக்கொடுக்க வந்த பெரியவர்கள் முகம் சுளிக்காமல் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டினார்கள்.

வருத்தத்தோடு சொல்ல வேண்டியதும் உண்டு. மல்லாரியும் ரக்தியும் தவில் இல்லாமல் படிக்கக்கூடியவை அல்ல. தவில் உறுப்பினர்கள் வராததால் பல கூடல்களில் கையால் தாளம் போட்டே ஒப்பேற்றினோம். முகூர்த்த மாதங்களில் வர முடியாது என்றால் சரி, பிழைப்பை விட்டு வரச் சொல்லும் உரிமை சங்கத்துக்கு இல்லை. ஆனால் முகூர்த்தமே இல்லாத மார்கழியில், விடியற்காலைக் கோயில் சேவகம் முடிந்த பிறகு, மாலைக் கூடலுக்கும் நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. தன் முறை வரும் மாதம் மட்டும் வந்து, வாசித்து முடித்ததும் கிளம்பிவிடுகிற வழக்கமும் வளர்ந்துவிட்டது. அடுத்தவர் வாசிப்பைக் கேட்பதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். செலவு கையிருப்புக்குள் அடங்கிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். அடங்கியதற்குக் காரணம் சில நல்லவர்கள் கொடுத்த நன்கொடை, சந்தா அல்ல. மாணவர்களிடம் நாம் சந்தா கேட்பதில்லை. நிலுவை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நல்ல கச்சேரி வாய்ப்பு உள்ளவர்கள். பாடம் சொல்ல வருகிற பெரியவருக்கு வண்டிச் செலவும் சிறு சன்மானமும் கொடுக்க வேண்டியது இந்தச் சந்தாவிலிருந்துதான். அவரை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது.

இடம் கொடுத்தவர்களுக்கும் தலைவருக்கும் பொருளாளருக்கும், பாய் விரித்து ஒலிபெருக்கி கட்டிய இளைஞர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் தெப்பத் திருவிழாவில் வாசிக்கும் ஓடம் என்ற உருப்படியையும் ஊஞ்சல் உருப்படிகளையும் எடுக்க எண்ணம். அப்புறம், விடியற்காலைப் பூபாளத்திலிருந்து பள்ளியறை நீலாம்பரி வரை கால ராகங்களை வரிசையாகப் படிக்க வேண்டும். இளையவர் ஒருவர் செயலாளர் பொறுப்பை ஏற்க முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைத்துக் கூடவே நிற்பேன். யாரும் வராவிட்டால் நானே தொடரவும் தயார். ஆனால் தவிலும் ஆளும் இல்லாமல் இன்னொரு ஆண்டு ஓட்டுவது கடினம்.

உருப்படிப் பதிவேடு மேசையில் இருக்கிறது. பெயர் எழுதுகிறவர்கள், தமக்குத் தவில் வாசிக்கப்போகிறவரிடம் இன்றே பேசி அவர் பெயரையும் பக்கத்தில் எழுதவும். பக்கத்து நாற்காலியில் பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்