பத்து அருள்நிறைந்த மரியே

கொலம்பஸ், இண்டியானா
செப்டம்பர் 28

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

சேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க. இங்கே நான், வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லோரும் சுகம். தங்கச்சிமடத்தில் காற்று எப்படி இருக்கிறது, படகு ஒழுங்காகத் தொழிலுக்குப் போகிறதா என்று எழுதுங்கள்.

நான் அம்மாவிடம் சொன்னது உங்கள் வீட்டுக்கு வரும்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. "அமெரிக்கா போனவன் துப்பாக்கி வாங்கிவிட்டான்" என்று பெரியம்மா அழுதார்களாம். போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் மகள் சத்தமாக வாசித்துக் காட்டட்டும்.

நான் வாங்கியது தோட்டா போடும் துப்பாக்கி இல்லை பெரியப்பா. நீங்கள் கொடியேற்றத்துக்கு வேட்டுக் குழலில் கெட்டிக்கிற அதே கருமருந்து போட்டுச் சுடுகிற பழைய காலத்துக் கைத்துப்பாக்கி. சாமுவேல் கோல்ட் என்பவர் 1851-இல் கொண்டுவந்த மாதிரி. இப்போது இத்தாலியில் அச்சு அசலாக அப்படியே செய்கிறார்கள். இந்த நாட்டின் 1968-ஆம் வருடத்துச் சட்டம் இதைப் பழம்பொருள் கணக்கில் வைத்திருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் இங்கே நன்றாக விசாரித்த பிறகுதான் வாங்கினேன். நம் ஊரில் உரிமம் இல்லாமல் தொடக்கூடாது என்பது தெரியும், அங்கே கொண்டுவரும் எண்ணமே இல்லை. பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். பெரியம்மாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

நான் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் உருளை. ஆறு அறை உள்ள அந்த இரும்பு உருளையைச் சுற்றிப் பாய்க்கப்பல்கள் செதுக்கியிருக்கின்றன. 1843 மே மாதம் டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் கடலில் மோதிய சண்டை அது. அதனால் இதற்கு 'நேவி' என்றே பேர் நிலைத்துவிட்டது. கடையில் கையில் வாங்கி உருளையைத் திருப்பினேன். கப்பலுக்குப் பின்னால் கப்பலாக வந்துகொண்டே இருந்தது. பாம்பன் பாலத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது.

கெட்டிக்கிற விதத்தைச் சொல்கிறேன், நீங்கள் ரசிப்பீர்கள். பின்னால் சுத்தியல் மாதிரி அடிக்கிற குதிரையைப் பாதி இழுத்தால்தான் உருளை கையோடு சுற்றும். குழல் வாய் வானத்தைப் பார்க்க நிறுத்திக்கொண்டு, ஓர் அறைக்குக் கால் டீஸ்பூன் அளவு மருந்து போட வேண்டும். இருபது கிரெயின் என்பார்கள், நம் கணக்கில் ஒன்றேகால் கிராமுக்குக் கொஞ்சம் கூட. டப்பாவிலிருந்து நேரே கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கனல் துணுக்கு மிச்சம் இருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். சின்னப் பித்தளை அளவையில் எடுத்துத்தான் கொட்ட வேண்டும். மருந்துச் சாக்கைப் பத்தடி தள்ளி, ஈரச் சாக்கு போட்டு மூடி வைப்பீர்களே, அதே பயம்தான்.

அதன்மேல் ஈயக் குண்டு. வலைக்கு ஈய மணி கட்ட நாம் உருக்குவோமே, அந்த மாதிரிக் கலப்பில்லாத மெத்தென்ற ஈயம். குண்டு, அறையைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். குழலுக்குக் கீழே உள்ள நெம்புகோலை அழுத்தினால், குண்டின் விளிம்பிலிருந்து ஈயம் மெல்லிய மோதிரம் போலச் சீவிக்கொண்டு வெளியே விழும். அந்த மோதிரம் முழுசாக விழுந்தால் குண்டு இறுகிவிட்டது என்று அர்த்தம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கக்கூடாது, உருளையே பிளந்துவிடலாம். அப்புறம் குண்டின்மேல் தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் கலந்த களிம்பைத் தடவுகிறேன். ஓர் அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவாமல் இருக்கவும், கரி இறுகாமல் இருக்கவும் அது. கடைசியாக, ஒவ்வோர் அறைக்கும் பின்னால் நிப்பிள் என்று துளை உள்ள ஒரு சின்னக் குமிழ் இருக்கும், அதில் பொட்டு வெடி மாதிரி ஒரு செப்புக் கேப்பு. அது தளர்வாக உட்கார்ந்தாலும் நெருப்புத் தாவும் என்கிறார்கள், அதனால் பொருத்தமான அளவு பார்த்துப் போடுகிறேன். ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் கெட்டிப்பேன். குதிரை வெறும் அறைமேல் படுத்திருக்க வேண்டும். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தை இதில் போட்டால் துப்பாக்கி சிதறிப்போகும், அது மட்டும் ஆகவே ஆகாது.

முதல் நாள் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஊருக்கு வெளியே உள்ள சுடுதளத்தில், இந்த வேலையில் பழகிய ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தார். முதல் குண்டு சரியாகப் போனது. வெள்ளைப் புகை, கந்தக வாசம். கொடிமரத்தடியில் நின்ற மாதிரியே இருந்தது, கண் கலங்கிவிட்டது. இரண்டாவதுக்கு விசையை இழுத்தேன். கேப்பு மட்டும் 'டிக்' என்றது. மருந்து எடுக்கவில்லை.

கை தானாகவே துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கப் போனது, பெரியப்பா. அந்த நேரம் உங்கள் வலது கைக் கட்டைவிரல்தான் கண்ணுக்குள் வந்தது. எடுக்காத குழலை அவசரப்பட்டுக் குனிந்து பார்த்து அந்த விரல் கருகிய வருடம் எனக்கு ஒன்பது வயது. அதற்கப்புறம் எங்கள் எல்லோருக்கும் நீங்கள் சொல்லிக்கொடுத்தது: "எடுக்கலையா, கிட்டப் போகாதே. பத்து அருள்நிறைந்த மரியே சொல்லு. முழுசாச் சொல்லு, முழுங்காதே. அப்புறம் போ."

குழலை இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு பத்து ஜெபத்தையும் சொன்னேன். கை நடுங்கியது, ஆனால் அசைக்கவில்லை. பெரியவர் ஒரு நிமிடம் போதும் என்று சைகை காட்டினார். நான் பத்தையும் முடித்துவிட்டுத்தான் கேப்பை மாற்றினேன். அடுத்த இழுப்பில் வெடித்தது. காரணம் அப்புறம்தான் தெரிந்தது. புதுத் துப்பாக்கியின் நிப்பிள் துளையில் எண்ணெய் இருந்திருக்கிறது. கெட்டிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு நிப்பிளிலும் வெறும் கேப்பு வெடித்து அந்த எண்ணெயை எரித்துவிட வேண்டுமாம். எனக்கு அது தெரியாமல் போயிற்று. இப்போது மறப்பதில்லை.

கழுவுகிற வேலைதான் பெரிய வேலை. கருமருந்தின் கரி ஈரத்தை இழுக்கும், உப்புக்காற்றில் விட்ட எஞ்சின் போல ஒரே ராத்திரியில் துரு ஏறும். ஒரு சனிக்கிழமை விருந்தாளி வந்ததால் அப்படியே வைத்துவிட்டேன். திங்கள்கிழமை பார்த்தால் அந்தக் கப்பல்கள்மேல் செம்பழுப்பாகப் படர்ந்திருந்தது. மனசு கேட்கவில்லை. துடைத்துத் துடைத்து எடுத்தும் ஒரு பாய்மரத்தில் புள்ளி நின்றுவிட்டது. இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு முன்பே, குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்துக் குழலையும் உருளையையும் கழற்றி, சோப்புப் போட்ட வெந்நீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசிவிடுகிறேன். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளைகளைத் தூக்குவதும் இல்லை.

இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டினால் பிரெண்ட்ஷிப் என்று ஒரு சின்ன ஊர். 1933-இல் தொடங்கிய பழைய துப்பாக்கிக்காரர்கள் சங்கம் அங்கே வருடா வருடம் போட்டி நடத்துகிறது. இந்த மாதம் வேடிக்கை பார்க்கப் போனேன். கூடாரம் கூடாரமாகத் தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, மருந்து அளக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சத்தம் போட்டுப் பேசுகிறார்கள், பாதிப் பேருக்குக் காது கேட்காது. நான் காதுக்குள் அடைப்பான் வைத்து அதன்மேல் மூடியும் போடுகிறேன். உங்களுக்கும் ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன். அடுத்த திருவிழாவில் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கிற காதாவது நமக்கு வேண்டும்.

கொடியேற்றத்துக்கு இந்த முறை குழல் கெட்டிக்க உங்களோடு யார் நிற்கிறார்கள்? தம்பி என்றால், இந்தக் கடிதத்தை அவனுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
சேவியர்