நோய்த்தணிப்புத் தொண்டர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. அக்டோபரில் உலக நோய்த்தணிப்பு (தீராத நோயின் வேதனையைக் குறைக்கும் பராமரிப்பு) நாளை அனுசரித்தோம். பொங்கலுக்கு நோயாளிகளின் வீடுகளுக்குப் புதுத்துணி கொடுத்தோம்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆடி மாதம் ஒரு வீட்டுக்குப் போனோம். கணவருக்கு முற்றிய வயிற்றுப் புற்றுநோய். அவர் விரல் இளைத்து மோதிரம் கழன்று விழுகிறதென்று அந்த அம்மா அதில் நூல் சுற்றி வைத்திருந்தார். கஞ்சிக் கிண்ணத்தை நீட்டினால் கணவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்புகிறார். வாசல் வரை வந்து அந்த அம்மா கேட்டார்: "நான் பட்டினி போட்டுட்டேன்னு ஊர் பேசாதா?"

நோயாளிக்கு உணவு கொடுப்பது பற்றிய சமையலறைப் பயிற்சியை நான் பிடிவாதமாகத் தொடங்கியது இதனால்தான். செயற்குழுவில் சிலர் வீண்செலவு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த மெலிவு வெறும் பட்டினியால் வருவதல்ல. நோய் கிளப்பும் அழற்சி பசியை அடக்கி, தசையையும் கரைக்கிறது. எவ்வளவு ஊட்டினாலும் போன தசை முழுதாகத் திரும்பாது. இதைப் பக்குவமாகச் சொன்னாலே வீட்டாருக்குப் பாதி பாரம் இறங்குகிறது. அதற்காகச் சும்மா விடவும் கூடாது. வாயில் வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், மருந்து உண்டு. மார்ஃபின் எடுப்பவருக்கு மலச்சிக்கலே பசியைக் கெடுக்கும். அப்புறம், தட்டு நிறைய வேண்டாம். சின்னக் கிண்ணத்தில் இரண்டு கரண்டி, கேட்கும்போது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) தொடங்கிய 124 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், தினம் 2.5 மி.கி. ஓலான்சபின் என்ற மருந்து பசியையும் எடையையும் கூட்டியது. சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்கலாம். கடைசி நாட்களில் இருப்பவருக்கோ ஈரத்துணியால் உதட்டை நனைப்பதுதான் பெரிய உதவி.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. பல வாரங்கள் நானும் பொருளாளரும் மட்டும்தான் வீடு வீடாகப் போனோம். சந்தா பாக்கியும் நிறைய நிற்கிறது; மூன்று முறை நினைவூட்டியாயிற்று. வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாக இருக்கின்றன, தணிக்கை முடிந்ததும் கணக்கு பார்வைக்கு வைக்கப்படும்.

ஆட்டோ தந்தவருக்கும், மருத்துவருக்கும், செவிலியருக்கும் சங்கத்தின் நன்றி.

அந்த அம்மா காரியம் முடிந்த மறுமாதமே பயிற்சிக்கு வந்தார். நம் உறுப்பினர்கூட இல்லை. ஒரு வாரமும் தவறவில்லை. வரும் ஆண்டும் வியாழன் காலை 10 மணிக்கு ஆட்டோ கிளம்பும். இன்னும் இரண்டு பேர் உட்கார இடம் இருக்கிறது.