புளியரை ஆச்சிக்கும், கழுதுருட்டி ரப்பர் பால்வெட்டுக்காரர்களுக்கும்

அன்பின் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு மக்களுக்கு,

நம் பேய்ப்படம் முடிந்துவிட்டது. நாற்பது நிமிடம் ஓடும். கொல்லத்துக்கு வேலைக்குப் போன ஒரு பையன், காதுக்குள் யாரோ ஓயாமல் பேசுகிற நிலையில், இரண்டு வருஷம் கழித்து ஊர் திரும்பும் ராத்திரிதான் கதை.

முதலில் பால்வெட்டும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும். விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு நீங்கள் மரத்துக்கு மரம் நகர்வதைத் தூரத்திலிருந்து பார்த்த அன்றே கதை மாறியது. ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் குனியும், நிமிரும், காணாமல் போகும். கொள்ளிவாய்ப் பிசாசுக்கு கிராபிக்ஸே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மழை பெய்தால் வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. அப்படிப்பட்ட நாளிலும் அட்டைக்கடியோடு எங்களுக்காக ஏழெட்டு முறை நடந்தீர்கள்.

அப்புறம், வீட்டைக் கொடுத்த ஆச்சி. ராத்திரியில் பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மூன்றாவது குரலுக்குத்தான் கதவைத் திறக்க வேண்டும் என்பார்களே, அதை வைத்துத்தான் கடைசிக் காட்சியை எழுதியிருந்தேன். அம்மா உள்ளே காத்திருப்பாள், மகன் வெளியே நிற்பான். ஆச்சி திண்ணையில் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெத்தவ எண்ணிக்கிட்டா இருப்பா? பேயா வந்தாலும் எம்புள்ளைதானய்யா. மொதக் குரலுக்கே தொறந்துருவா." அன்று ராத்திரியே மாற்றி எழுதினேன். படத்தில் நான் முழுதாக நம்பும் காட்சி அது ஒன்றுதான்.

பையன் அரிவாள் தூக்கும் காட்சி ஒன்றும் இருந்தது. அதைப் படித்த மனநல மருத்துவர், காதில் குரல் கேட்பவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை, அவர்கள்தான் அதிகம் பயந்து கிடக்கிறார்கள் என்று பொறுமையாக விளக்கினார். காட்சியை எடுத்துவிட்டோம். டாக்டர், நீங்கள் சொல்லாவிட்டால் பெரிய பாவம் செய்திருப்போம்.

ஆரியங்காவு தாண்டி ரயில் நுழையும் அந்தக் குகை 1904இல் பாதை திறந்த காலத்திலிருந்து இருக்கிறது. அதற்குள் சத்தம் மட்டும் பதிவு செய்ய வேண்டும் என்றதும், பெட்டியில் இருந்த அத்தனை பேரும் கைப்பேசியை அணைத்துவிட்டு வாய்மூடி உட்கார்ந்தீர்கள். ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது. அதைப் படத்திலேயே வைத்திருக்கிறோம்.

பணம் தருவதாகச் சொன்ன ஒருவர் பாதியில் விலகியபோது, கணக்கு எழுதிக்கொண்டு பதினோரு நாள் சோறு போட்ட பிரானூர் பார்டர் பரோட்டாக் கடை அண்ணாச்சி, பாக்கியோடு நேரில் வருகிறேன்.

முதல் திரையிடல் ஆச்சி வீட்டு முற்றத்தில்தான். சாரல் ஓய்ந்ததும் தேதி சொல்கிறோம். எல்லோரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
படக்குழுவுக்காக, இயக்குநர்