திருப்பூர் லைன் வீட்டு உரிமையாளர்களுக்கு: மூட்டைப்பூச்சிக்கு நாம்தான் பொறுப்புங்க

வணக்கமுங்க.

அனுப்பர்பாளையம், வீரபாண்டி, நல்லூர், மங்கலம் ரோடு, பெருமாநல்லூர் ரோடு என்று ஊரைச் சுற்றி லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவன்தான். எட்டு வீடு, நடுவில் நடை, கடைசியில் பொதுக் குளியலறை. நமக்குப் பழகின அமைப்பு.

நாம் நாலு பேர் டீக்கடையில் நின்றால் வீட்டு வரி பேசுவோம், கரண்ட் பில் பேசுவோம், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு நிற்பவரைப் பற்றிப் பேசுவோம். மூட்டைப்பூச்சியைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. வெளியே தெரிந்தால் வீட்டுக்கு ஆள் வராது என்ற பயம் நமக்கு. சொன்னால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் குடியிருப்பவர்களுக்கு.

அப்படியும் மீறி யாராவது வந்து, "அண்ணா, ஊட்டுல மூட்டப்பூச்சிங்க, கொழந்த ராத்திரியெல்லாம் தூங்கறதில்லீங்க" என்றால் நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நீங்க கொண்டாந்த கட்டில்ல வந்ததும்மா, நீங்களே மருந்தடிச்சுக்கங்க." அவர் சனிக்கிழமை சம்பளத்தில் ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி அடிப்பார். கொஞ்ச நாள் அடங்கின மாதிரி இருக்கும். அப்புறம் அடுத்த வீட்டில் ஆரம்பிக்கும். அங்கே அடித்தால் இங்கே திரும்பி வரும். கடைசியில் அவர் காலி செய்துகொண்டு போவார், நாம் சுண்ணாம்பு அடித்துவிட்டு அடுத்தவருக்குச் சாவியைக் கொடுப்போம். பூச்சி மட்டும் அதே வீட்டில் இருக்கும்.

லைன் வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் மருந்தடிப்பது காசைக் கரியாக்குகிற வேலை. அடித்தால் லைன் மொத்தத்துக்கும் அடிக்க வேண்டும். அதை எந்த ஒரு குடித்தனக்காரராலும் செய்ய முடியாது, நம்மால்தான் முடியும். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

எங்கள் லைனில் மூன்றாவது வீட்டிலிருந்து புகார் வந்தது. மருந்தடிக்க வந்த தம்பி கட்டிலையும் மெத்தைத் தையலையும் பார்த்து முடித்துவிட்டு, தலைமாட்டுக்கு மேலே இருந்த சுவிட்ச் போர்டைக் கழற்றச் சொன்னார். மெயினை அணைத்துவிட்டுக் கழற்றினோம். பலகையின் பின்பக்கம் பேனா மை தெளித்தது மாதிரி கறுப்புப் புள்ளிகள். அது அதன் எச்சம். உரித்துப்போட்ட வெளிறின சட்டைகள் மூலையில் கிடந்தன. வயரின் மேல் வெள்ளையாக, அரிசி நொய்யை விடச் சின்னதாக முட்டைகள் ஒட்டியிருந்தன. டார்ச் வெளிச்சம் பட்டதும் தட்டையாக, பழுப்பாக ஏழெட்டு பூச்சிகள் சுவருக்குள் ஓடின. எங்கே ஓடின என்று பார்த்தால், நாலரை அங்குலச் சுவரில் இரண்டு வீட்டு போர்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டை. வயரிங் செய்தவர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பெட்டியைப் பொருத்திவிட்டு நடுவில் பூசாமலே விட்டிருக்கிறார். நாலாவது வீட்டு போர்டையும் கழற்றினோம். அங்கேயும் அதே காட்சி.

ஆனால் நாலாவது வீட்டு அம்மா ஒருநாளும் புகார் சொன்னதில்லை. கடித்தால் எல்லோருக்கும் தடிப்பதில்லை. சிலருக்கு ஒரு தடமும் தெரியாது, குறிப்பாக வயதானவர்களுக்கு. எனவே புகார் வரவில்லை என்பதை வைத்துப் பூச்சி இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

இந்தப் பூச்சிக்கு இறக்கை கிடையாது, குதிக்கவும் தெரியாது. நடந்தே போகும், இல்லாவிட்டால் நம் பையிலும் போர்வையிலும் ஏறிக்கொண்டு போகும். வளர்ந்தது சுமார் 5 மில்லிமீட்டர், ஏ.டி.எம். கார்டின் விளிம்பு நுழைகிற இடுக்கு அதற்கு வாசல். ரத்தத்தைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. பெண் பூச்சி ஒவ்வொரு நாளும் சில முட்டையாக இட்டு, வாழ்நாளில் 200க்கு மேலும் இடும். நம் ஊர்ச் சூட்டில் ஒரு வாரம், பத்து நாளில் குஞ்சு வெளியே வந்துவிடும். வளர்ந்து அது முட்டையிட ஒன்றரை மாதம் போதும். இணை சேர்ந்த பெண் ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போனால் போதும், அங்கே ஒரு குடும்பம் தயார்.

இதனால் நோய் எதுவும் பரவுவதாக நிரூபணம் இல்லை என்பது ஒரு ஆறுதல். ஆனால் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து படுக்கிற ஒருவருக்குத் தூக்கம் போவது சின்ன விஷயமா? பூச்சி ரொம்பப் பெருகிவிட்ட வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை வரைக்கும் போகலாம்.

இங்கே ஒரு பேச்சை நிறுத்திவிட்டு மேலே போகலாம். "வடக்கத்திப் பசங்க வந்ததுல இருந்துதான் இதெல்லாம்" என்று நம்மில் பலர் சொல்கிறோம். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயில் ஏறி யாரும் வருவதற்கு முன்பே நம் ஊர் டூரிங் கொட்டகை பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். கயிற்றுக் கட்டிலை வாசலில் சாய்த்துக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றின அப்பத்தாக்களுக்கும் தெரியும். 2023இல் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால் அல்லோலகல்லோலப்பட்டது. அழுக்கு வீட்டில்தான் வரும் என்பதும் சரியில்லை. தட்டுமுட்டுச் சாமான் அதிகமாக இருந்தால் ஒளிய இடம் அதிகம், அவ்வளவுதான். பளிங்கு போட்ட வீட்டுக்கும் வரும், நட்சத்திர ஓட்டலுக்கும் வரும். பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேரைப் படுக்க வைத்து, ஷிப்ட் மாறினதும் அதே பாயில் அடுத்த ஆறு பேரைப் படுக்க வைப்பது நாம். குறை சொல்ல வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

சரி, மருந்து. கடையில் கிடைக்கிற ஸ்பிரேக்களில் பெரும்பாலானவை பைரெத்ராய்டு வகை. கொசுவத்தியிலும் லிக்விடிலும் இருப்பதும் அதே குடும்பம்தான். உலகம் முழுக்க மூட்டைப்பூச்சிக்கு இந்த வகை மருந்தைத் தாங்கும் எதிர்ப்புசக்தி வந்துவிட்டது. புதிய கதையும் இல்லை, டி.டி.டி. என்ற பூச்சிமருந்து வந்த சில வருஷத்துக்குள், 1940களிலேயே, அதைத் தாங்குகிற பூச்சி வந்துவிட்டது. புகை அடிப்பது இன்னும் மோசம். புகை அறை நடுவில் நிற்கும், பூச்சி இடுக்குக்குள் இருக்கும். எந்த மருந்தானாலும் முட்டையை முழுசாகக் கொல்வது அரிது. அதனால் பத்துப் பதினைந்து நாள் கழித்து இரண்டாவது தடவை கட்டாயம் அடிக்க வேண்டும். ஒரே தடவையில் முடித்துத் தருகிறேன் என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதற்கு அடுத்ததைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். குடோனில் தானியத்துக்குப் போடுகிற மாத்திரையை, அதாவது அலுமினியம் பாஸ்பைடை, வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டால் பூச்சி செத்துவிடும் என்று யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவை விடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் உடம்பைத் தாங்கிப் பிடிக்கத்தான் டாக்டர்களால் முடியும். மேலே சொன்ன அந்த ஒரே ஓட்டை நினைவிருக்கட்டும்: பூச்சி போகிற வழியில் வாயு போகாதா? மூன்றாவது வீட்டில் போட்டது நாலாவது வீட்டில் தூங்குகிற குழந்தையைக் கொல்லும். நம் நாட்டில் பூச்சிக்கும் எலிக்கும் இதை வீட்டுக்குள் வைத்து உயிர் போன செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அனுமதி பெற்றவர்களைத் தவிர வேறு யார் கைக்கும் போகக் கூடாத சரக்கு இது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் கரைத்து மெத்தையில் தெளிப்பதும் இதே ரகம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்பார்கள்; இவர்கள் ஆளோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள். உங்கள் லைனில் யாராவது இதைச் செய்யப் போவதாகக் காதில் விழுந்தால் அன்றைக்கே போய்த் தடுங்கள்.

இந்தப் பூச்சிக்கு எதிர்ப்புசக்தி வராத ஒன்று சூடு. 50 டிகிரி வெப்பம் நேராகப் பட்டால் பூச்சியும் முட்டையும் சாகும். திருப்பூரில் இருந்துகொண்டு சூட்டுக்கு எங்கே போவது என்று யாரும் கேட்கக் கூடாது. தெருவுக்குத் தெரு அயர்ன் மாஸ்டர் இருக்கிறார். மேலே தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்ட ஸ்டீம் அயர்ன் பாக்ஸ் எல்லா பனியன் கம்பெனியிலும் உண்டு. எங்கள் லைனில் குடியிருக்கிற மாஸ்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து மெத்தைத் தையல், கட்டில் மூட்டு, ஸ்குரூ ஓட்டை, கதவு நிலை என்று ஒவ்வொன்றாக ஆவி காட்டினார். ஒரு விஷயத்தை அவரே கண்டுபிடித்துச் சொன்னார்: "வேகமா அடிச்சா காத்துல பறந்து ஓடிருதுங்க, மெதுவா, துணியச் சுத்திக் காட்டோணும்." ரொம்பச் சரி. ஆவி ஒரு இடத்தில் நின்று நகர வேண்டும். சுவிட்ச் போர்டு பக்கம் மட்டும் ஆவியும் தண்ணீரும் ஆகாது.

துணிமணி, ஜமக்காளம், தலையணை உறை எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும். இரும்புக் கட்டிலை வெளியே தூக்கிப்போட்டுக் கொதிநீர் ஊற்றலாம், அப்பத்தா செய்தது சரியான வைத்தியம்தான். சித்திரை வெயிலை மட்டும் நம்பி மெத்தையை மொட்டை மாடியில் போடாதீர்கள். மேலே சூடு ஏற ஏறப் பூச்சி அடிப்பக்கம் இறங்கிவிடும், தடித்த மெத்தையின் நடுவரைக்கும் அந்தச் சூடு போகாது. பனியன் துணிக் கட்டிங் வேஸ்ட் அடைத்த பழைய மெத்தையில் பூச்சி ஏறியிருந்தால் கழித்துவிடுவது நல்லது. கழிக்கும்போது கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் குப்பைத்தொட்டியிலிருந்து வேறு யாராவது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

காலி செய்தவர் விட்டுப்போன கட்டிலை அடுத்தவருக்கு இனாமாகக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊரே காலியாகும்போது பூச்சி பட்டினியில் செத்துவிடும் என்ற கணக்கும் வேண்டாம். சாப்பாடில்லாமல் வாரக்கணக்கில், பல சமயம் மாதக்கணக்கில் தாங்கும். வீடு காலியாக இருந்தால் ஆள் இருக்கிற வீட்டைத் தேடிச் சுவர் வழியாக நடக்கும்.

அந்தச் சுவர் யாருடையது? 2017ஆம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய், உள்ளேயும் வெளியேயும் வயரிங் ஆகியவை உரிமையாளர் பக்கம் வருகின்றன. மூட்டைப்பூச்சி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிற பாதைகள் இவையேதான். எனவே சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் விரிசலைப் பூசுங்கள். போர்டுப் பெட்டியின் பின்னால் இருக்கிற ஓட்டையை அடையுங்கள். வயர் போகிற கேசிங் பைப் சுவரைத் துளைக்கிற இடத்தையும், அட்டாலி (பரண்) பலகைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற இடுக்கையும் விட்டுவிடாதீர்கள். கொத்தனாருக்கு அரை நாள் வேலை. மருந்துச் செலவைவிட இது குறைவு, பலன் அதிகம்.

எங்கள் லைனில் எட்டு வீட்டுக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை வேலையை வைத்தோம். வாரத்தில் எல்லோரும் வீட்டில் இருக்கிற ஒரே நாள் அதுதானே. முதல் நாளே எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டோம், சாமானைச் சுவரை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லி. இரண்டு வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. "எங்கூட்டுல ஒண்ணுமில்லீங்களே" என்றார்கள். அந்த இரண்டில் ஒன்றில் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஆன மொத்தச் செலவு ஒரு வீட்டு அட்வான்ஸில் பாதிகூட வரவில்லை. ஒரு வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் எவ்வளவு போகும் என்று உங்களுக்கே தெரியும்.

பெண்கள் விடுதி நடத்துகிறவர்களும், கம்பெனி ஹாஸ்டல் வைத்திருக்கிறவர்களும் இதில் சேர்த்திதான். அடுக்குக் கட்டிலின் இரும்புக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், மேற்கொண்டு நான் சொல்ல வேண்டியிருக்காது.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் எழுதும்போது இந்த மூன்று வரியைச் சேருங்கள். எங்களுடையதில் சேர்த்தாகிவிட்டது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"வீட்டில் மூட்டைப்பூச்சி தென்பட்டால் குடியிருப்பவர் ஒரு வாரத்துக்குள் உரிமையாளரிடம் சொல்ல வேண்டியது. லைன் முழுவதும் பார்த்து மருந்தடிக்கும் செலவு உரிமையாளருடையது. சொன்னதற்காகக் காலி செய்யச் சொல்வதோ அட்வான்ஸில் பிடித்தம் செய்வதோ கிடையாது."

இப்படிக்கு,
எட்டு வீட்டு லைன் வைத்திருக்கும் ஒருவன்,
திருப்பூர்.