நூறு வருடத்தில் நான்கு கோச்: ஆஸ்டினிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி எல்லோரும் நலமா? முழங்கால் தைலத்தை நிறுத்திவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாள். தயவுசெய்து நிறுத்த வேண்டாம்.

சனிக்கிழமையானால் எங்கே போய்விடுகிறாய் என்று போனில் கேட்டீர்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்து பேஸ்பால் மைதானத்துக்குத்தான் போகிறேன். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. முப்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து பையன்களுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த உங்களுக்கு இந்தக் கதை முழுசாகத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரண்டு அணியும் ஒரு முறை பேட் பிடிக்கும். மூன்று பேர் அவுட் ஆனால் மாற்று. சமநிலையில் முடிப்பதில்லை, யாராவது ஜெயிக்கும்வரை ஆடுவார்கள். பிப்ரவரியில் சீசன் தொடங்கும். மே மாத வெயில் நம் கோவில்பட்டி வெயிலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை, அதிலும் ஆயிரக்கணக்கில் ஜனம் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

என்னைப் பிடித்து இழுத்தது கோச்சுகளின் கதைதான். 1911 முதல் 2016 வரை, உலகப் போர் நடந்த மூன்று வருடம் போக, இந்த அணிக்கு மொத்தமே நான்கு கோச்சுகள். பில்லி டிஷ் 1911-இல் வந்து 1939 வரை இருந்தார். அவருக்குப் பின் பிப் ஃபாக். இவர் ஆஸ்டின்காரர், டிஷ்ஷிடமே ஆடிப் பழகியவர். சிகாகோ வைட் சாக்ஸ் அணியில் சூதாட்ட ஊழலால் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் வெளியேற்றப்பட்டபோது, லெஃப்ட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் இடதுபுறக் கோடியில், அவர் இடத்துக்கு வந்தவர் ஃபாக்தான். தொழில்முறை ஆட்டத்தில் பன்னிரண்டு சீசன் ஆடிவிட்டு, தன் குருவின் இடத்துக்கே திரும்பி வந்தார். நடுவில் போருக்காக ராணுவத்துக்குப் போனார், மறுபடி வந்து 1967 வரை இருந்தார். 1949, 1950 என்று அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம். கல்லூரிகளுக்கான உலகத் தொடரை அதற்குமுன் யாரும் அப்படித் தொடர்ந்து ஜெயித்ததில்லை.

ஃபாக்கிடம் ஆடியவர் கிளிஃப் கஸ்டஃப்சன். சான் அன்டோனியோ பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கோச்சாக இருந்தவரை அழைத்து 1968-இல் பொறுப்பைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் அப்பா! 1996-இல் ஓய்வு பெறும்போது 1,466 வெற்றிகள். 1983 இறுதி ஆட்டத்தில் அலபாமாவை 4-3 என்று வீழ்த்தியபோது பந்து வீசியவர் ரோஜர் கிளெமன்ஸ், பின்னாளில் பெரிய பெயர் எடுத்தவர்.

அவர்கள் ஆடிய பழைய மைதானத்தைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கிளார்க் ஃபீல்ட் என்று பெயர். சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் நடுக்கோடியில், ஆடும் எல்லைக்குள்ளேயே, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுண்ணாம்புப் பாறை. பந்து மேலே போய் விழுந்தாலும் ஆட்டம் நிற்காது. ஆட்டுத்தடம் போன்ற ஒற்றையடிப் பாதையில் ஃபீல்டர் ஏறி ஓடிப்போய் எடுத்து எறிய வேண்டும். வெளியூர் அணிக்காரர்களுக்கு அந்தத் தடம் எங்கே இருக்கிறது என்றே தெரியாதாம். 1974-ஓடு அந்த மைதானம் போய்விட்டது, இன்று அந்த இடத்தில் கலையரங்கம் இருக்கிறது. 1975-இல் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே புது மைதானம் கட்டி ‘டிஷ்-ஃபாக் ஃபீல்ட்’ என்று பெயர் வைத்தார்கள். குருவின் பெயரும் சீடனின் பெயரும் ஒரே பலகையில். ஃபாக் அப்போது உயிரோடு இருந்தார். அந்த வருடமே அணி தேசியப் பட்டமும் ஜெயித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கிய அந்த 1949, 1950 அணிகளில் ஒரு கறுப்பினப் பையன்கூட இல்லை. இருக்கவும் முடியாது. இளநிலைப் படிப்பில் அவர்களை இந்தப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டதே 1956-இல்தான். இதே ஊரில் பிறந்து, இதே வெயிலில் ஆடி வளர்ந்த எத்தனை பிள்ளைகளுக்கு அந்தக் கதவு மூடியிருந்திருக்கும்! அந்த வருடங்களைப் பார்க்கும்போதெல்லாம் இது நெஞ்சில் உறுத்துகிறது. உங்கள் அணியில் சாதி பார்த்து யாரையும் ஒதுக்கியதில்லை என்பதை நினைத்துக்கொள்கிறேன்.

நான்காமவர் ஆகி கரிடோ. இவர் மட்டும் வெளியாள், கலிஃபோர்னியாக்காரர். 2002, 2005 என இரண்டு பட்டம் வாங்கித் தந்தார். 2002 தொடரின் சிறந்த வீரன் ஹூஸ்டன் ஸ்ட்ரீட், முதல் வருட மாணவன். அவனுடைய அப்பா ஜேம்ஸ் ஸ்ட்ரீட் கஸ்டஃப்சனிடம் பந்து வீசியவர், இதே பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியிலும் முன்னணி ஆட்டக்காரர்.

கரிடோ காலத்தில்தான் அந்த 25 இன்னிங்ஸ் ஆட்டம். 2009 மே 30, பாஸ்டன் காலேஜ் அணியோடு. சாயங்காலம் தொடங்கி நடுநிசி தாண்டி, ஏழு மணி நேரத்துக்கு மேல் நடந்து 3-2 என்று டெக்சாஸ் ஜெயித்தது. கல்லூரி பேஸ்பாலில் அவ்வளவு நீண்ட ஆட்டம் அதற்குமுன் இல்லை. ஆஸ்டின் வுட் என்ற பையன் நடுவில் வந்து தொடர்ந்து பதின்மூன்று இன்னிங்ஸ் வீசினான், 169 பந்துகள். என் பக்கத்தில் உட்காரும் பெரியவர் அன்று கடைசிவரை இருந்தவர். இன்றும் அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கிறது. அந்தப் பையனின் மன உறுதியை நானும் வணங்குகிறேன். ஆனாலும் அவ்வளவு நேரம் வீசவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்களாக இருந்தால் கை போய்விடும் என்று கூப்பிட்டு உட்கார வைத்திருப்பீர்கள்.

2016-க்குப் பிறகு எல்லாம் வேகம். அதற்குள் இரண்டு பேர் மாறி வந்துவிட்டார்கள். 2024-இல் பல்கலைக்கழகம் வேறு லீக்குக்கே மாறிவிட்டது. ஒருவர் முப்பது வருடம் ஒரே இடத்தில் இருப்பதெல்லாம் இனி நடக்காது என்று பெரியவர் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இங்கே எந்த வருடம் யார் பந்து வீசினார், யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நேற்று வந்த எனக்கும் இவ்வளவு தெரிகிறது. உங்களிடம் ஆடிய பையன்கள் ரயில்வேக்கும் போலீஸுக்கும் வேலைக்குப் போனார்கள், மாவட்டத்துக்கு ஆடினார்கள். எல்லாம் உங்கள் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அலமாரி மேல்தட்டில் இருக்கும் நீல அட்டை நோட்டில் வருடவாரியாக எழுத ஆரம்பியுங்கள். பெயர் மறந்தால் அம்மாவிடம் கேளுங்கள், நம் வீட்டில் சாப்பிட்ட பையன்களை அவள் மறக்கமாட்டாள். தம்பியை விட்டு ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் டைப் செய்து தருகிறேன்.

ஆச்சிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்