மாத்திரையை நீயாக நிறுத்தாதே

செல்லம்,

போனை நீ எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். ரிப்போர்ட்டை மாப்பிள்ளைதான் அனுப்பினார், அவரைத் திட்டாதே. பிரஷர் மாத்திரையான டெல்மிசார்டனை நீ நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

ஆஞ்சியோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது சிறுநீரகத்துக்குப் போகிற தமனி, மணி கோத்த மாதிரி ஓரிடத்தில் புடைத்து, அடுத்த இடத்தில் சுருங்கி இருக்கிறது. இந்த ஃபைப்ரோமஸ்குலர் டிஸ்பிளேசியா பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம், நீ எதையோ சாப்பிட்டு வந்ததில்லை. ரத்தம் சரியாக வராத சிறுநீரகம், உடம்பிலேயே பிரஷர் குறைந்துவிட்டது என்று நினைத்து, பிரஷரை ஏற்றிவிடுகிற ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதனால் ரத்தக்குழாய்கள் இறுகி, உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கி, மூன்று மாத்திரை போட்டும் 160/100-ஐ விட்டு இறங்கமாட்டேன் என்கிறது. டென்ஷன், தூக்கமில்லை என்று எவ்வளவு நாள் சொல்லிக்கொண்டிருந்தாய்! டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்ன அந்த டாக்டர் நன்றாக இருக்கட்டும்.

பெரியப்பாவுக்கு நடந்ததை நினைத்துப் பலூன் சிகிச்சையைத் தள்ளிப்போடாதே. அவருக்குச் சிறுநீரகத் தமனியில் இருந்தது கொழுப்பு அடைப்பு. அந்த வகைக்கு ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்தாலும் மருந்தோடு ஒப்பிட்டால் கூடுதல் பலன் இல்லை என்றுதான் 2014-ல் வெளியான கோரல் ஆய்வு சொன்னது. உன்னுடையது வேறு. பெரும்பாலும் ஸ்டென்ட் இல்லாமல் பலூனால் தமனியை விரித்துவிடுகிறார்கள், நிறையப் பேருக்கு பிரஷர் இறங்குகிறது, சிலருக்கு மாத்திரையே வேண்டியிருப்பதில்லை.

சின்ன வயசிலிருந்தே எதையும் தனியாகச் சமாளிப்பவள் நீ. எனக்கு அதில் பெருமைதான், ஆனால் வாயைத் திறக்காமல் இருப்பதும் அதே குணம்தான். சரி, பொதுவாக ஒன்று சொல்லிவைக்கிறேன். டெல்மிசார்டன் மாதிரி 'சார்டன்' என்று முடிகிற மாத்திரைகளையும், எனாலாபிரில் மாதிரி 'பிரில்' என்று முடிகிறவற்றையும் கர்ப்பத்தில் சாப்பிடக்கூடாது. அதற்காக ஒன்றுமே போடாமல் இருப்பதும் ஆபத்து. லாபெடலால், நிஃபெடிபின் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் டாக்டரிடம் இப்போதே சொல், மாற்றித் தருவார், பலூனை முன்னாலேயே முடிப்பதா என்றும் பார்ப்பார். என்னிடம் சொல்ல வேண்டாம், அவரிடம் சொல்.

அப்புறம், தலைவலிக்கு புரூஃபன் வாங்கிப் போடாதே, அதுவும் பிரஷரை ஏற்றும். மாத்திரையை நீயாக நிறுத்தாதே, மாற்றுவதென்றால் டாக்டர் மாற்றட்டும். அடுத்து எப்போது அவரைப் பார்க்கிறாய் என்று தேதியை மட்டுமாவது அனுப்பு.

அம்மா